அம்மா மண்டபத்தில் சொன்ன பாதிச் செபம்

அன்பான பிள்ளைகளே,

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில், ஆடிப்பெருக்குக் கூட்டத்தில், என் மகன் சவரிமுத்து காணாமல் போனான். அவனுக்கு அப்போது ஏழு வயது. காவேரி படிகளை மூடிக்கொண்டு ஓடியது. யாராவது பேரைக் கேட்டால் அவனுக்குச் சொல்ல வராது. அன்று மத்தியானம் நான் செத்துப் பிழைத்தேன். இது எழுபத்தொன்பதாம் வருஷம் நடந்தது. மாதா எங்களுக்குச் செய்த உபகாரத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்று ரொம்ப நாளாக ஆசை. எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சவரி ஊமை இல்லை. திக்குவாய். முதல் எழுத்தே தொண்டையில் மாட்டிக்கொள்ளும். முகம் சிவந்து, கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைக்கும். வார்த்தை மட்டும் வராது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்" சொல்வதற்குள் அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் அவனைப் போலவே திக்கிக் காட்டிச் சிரிப்பார்கள். இரண்டாம் வகுப்பு பாதியில், காலையானால் வயிற்று வலி என்பான். தின்ற இட்லியை வாந்தி எடுப்பான். இப்படியே போனால் பிள்ளை உருப்படாது என்று, நானும் என் மனைவி பாக்கியமும் அவனைக் கொஞ்ச காலம் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்க முடிவு செய்தோம்.

பாலக்கரையில் எங்கள் வீடு. நகையில் பதிக்கிற செயற்கைக் கல்லை வீட்டிலேயே பட்டை தீட்டுவது என் தொழில். என் சக்கரம் ஒரு பக்கம் சுற்றும். பக்கத்தில் அவன் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பான். எதிர்வீட்டு அந்தோணி போகும்போதும் வரும்போதும், "என்னங்க வாத்தியாரே, உங்க பள்ளிக்கூடத்துக்கு எப்பங்க லீவு?" என்பார். நான் சிரித்துக்கொள்வேன். கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டேன். எழுத்தும் வந்துவிட்டது. பேச்சுக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. அதற்காகத்தான் தினமும் செபம் செய்தோம்.

சாயந்திரம் விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டில் செபமாலை. அருள் நிறைந்த மரியே செபத்தில் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள், உங்களுக்குத் தெரியும். முதல் பாதி எப்போதும் நான். மறுபாதி பாக்கியமும் மகள் ஸ்டெல்லாவும் சவரியும். அவன் வாய் அசையும். அம்மா, அக்கா சத்தத்துக்குள் அவன் சத்தம் எங்கே இருக்கிறதென்று நாங்கள் கவனித்ததே இல்லை. சும்மா உதட்டை அசைக்கிறான் என்றுதான் நினைத்திருந்தோம்.

அந்த ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் புதுத் தண்ணீர் பார்க்கப் போகலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். எங்கள் ஊரில் ஆற்றைப் பார்க்கச் சாதி, மதம் கிடையாது. எல்லாரும் போவார்கள். எங்கள் பயணம் எப்போதும் சிக்கனப் பயணம். போகும்போது பஸ், வரும்போது காவேரிப் பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டே நடை. தூக்கில் புளிசாதம், வாழை இலையில் சுருட்டிய துவையல். வெளியில் எதுவும் வாங்குவதில்லை. துணியும் அப்படித்தான். ஆடி மாதத்தில் கடை வீதியில் கழித்துப் போட்ட நீலக் கட்டத் துணியை மொத்தமாக வாங்கி, சவரிக்குச் சட்டை, ஸ்டெல்லாவுக்குப் பாவாடை, மிச்சத்தில் எனக்குக் கைக்குட்டை கூடப் பாக்கியம் தைத்திருந்தாள். "கூட்டத்துல புள்ளைய அடையாளம் கண்டுபிடிக்க சுலபமாச்சேங்க" என்று அவளுக்கு ஒரே பெருமை.

படித்துறையில் எள் போட்டால் எள் விழாது. நான் முன்னால், என் கையைப் பிடித்து ஸ்டெல்லா, அவள் கையைப் பிடித்து சவரி, கடைசியில் பாக்கியம், இப்படிச் சங்கிலி போட்டுப் போனோம். குளித்து முடித்த பெண்கள் ஈரப் புடவையோடு கும்பலாக மேலே ஏறினார்கள். சங்கிலி அறுந்தது. கூட்டம் விலகியபோது ஸ்டெல்லா, தம்பி அம்மாவிடம் இருக்கிறான் என்று நினைத்தாள். பாக்கியம், அவன் அக்காவிடம் இருக்கிறான் என்று நினைத்தாள். நாங்கள் ஒன்று சேர்ந்தபோது அவன் யாரிடமும் இல்லை.

பாக்கியம் தண்ணீரைப் பார்த்தாள். மாலைகளும் பூக்களும் சுழன்று சுழன்று ஓடிக்கொண்டிருந்தன.  அவள் அப்படியே படியில் நின்றுவிட்டாள். கயிறு கட்டிக் காவல் நின்றவர்கள், "இந்தப் பக்கம் யாரும் விழலைம்மா, பயப்படாதீங்க" என்றார்கள். அவள் கண்ணைத் தண்ணீரை விட்டு எடுக்கவில்லை.

நான் ஓடினேன். நீலக் கட்டச் சட்டை ஒன்று தெரிந்தது. பாய்ந்து தோளைப் பிடித்தேன். "டேய் சவரி!"

திரும்பியது வேறு பிள்ளை. அவன் அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "யோவ், எம் புள்ளைய ஏன்யா இழுக்குற?"

"மன்னிச்சுக்கங்கம்மா. எம் புள்ளையைக் காணோம். அவனும் இதே சட்டைதாங்க."

"இதே சட்டையா? எங்க தெருவுல பாதிப் பேர் இதைத்தான் போட்டிருக்கான். கழிவுன்னா யாரு விடுவா?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "அந்தப் பந்தலுக்குப் போங்கண்ணே. மைக்ல கூப்பிடுவாங்க."

பிள்ளைகளே, திருவிழாவில் தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில், அப்பா பேரையும் தெருப் பேரையும் சத்தமாகச் சொல் என்று இருவருக்கும் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிப்போயிருந்தேன். பந்தலுக்கு ஓடும்போது ஸ்டெல்லா அழுதுகொண்டே, "அவனுக்கு அது வராதேப்பா" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினேன்.

பந்தலில் நாமம் போட்ட ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்தி அவர் தொண்டை கட்டியிருந்தது.

"அடையாளம் சொல்லுங்கோ."

"நீலக் கட்டம் போட்ட சட்டைங்க."

"ஸ்வாமி, காத்தாலேர்ந்து நான் வேற கலரையே பார்க்கலை. அதோ ரெண்டு நீலக் கட்டம் உக்காந்து அழறது. உங்களோடதான்னு பாருங்கோ."

இரண்டும் எங்கள் பிள்ளை இல்லை. அவர் மைக்கில் கூப்பிட்டார். பேர் சொன்னார், வயது சொன்னார், பிள்ளைக்குப் பேச்சு திக்கும், பார்த்தவர்கள் கூட்டி வாருங்கள் என்றார். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பவும் சொன்னார். யாரும் வரவில்லை. சத்தம் போட்டுக் கூப்பிட்டாலும் பதில் சொல்ல முடியாத பிள்ளை. அவர் நாற்காலியை விட்டு எழுந்து மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"நீங்களே கூப்பிடுங்கோ. அப்பா குரல்னா குழந்தைக்குத் தெரியும்."

வாயைத் திறந்தேன். 'சவரி' என்று சொல்லப் போனேன். வரவில்லை. சத்தியமாக வரவில்லை, பிள்ளைகளே.  என் பிள்ளை தினமும் படும் வேதனை அன்று ஒரு நிமிஷம் எனக்கு வந்தது. கண்ணை மூடினேன். மாதாவே, நீயும் ஒருநாள் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தேடினவள்தானே, எனக்கு இரங்கு என்று மனதுக்குள் அழுதேன். மைக் முன்னால் நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. என்னை அறியாமல் வாய், "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று ஆரம்பித்துவிட்டது. பழக்கதோஷம், முதல் பாதி முடிந்ததும் நிறுத்திவிட்டேன். மறுபாதி என்னுடையது இல்லையே!

ஒலிபெருக்கி கம்மென்று நின்றது. கீழே படியில் பல பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாலிபன், "என்னய்யா, பெருமாள் ஊர்ல மாதா கோயில் மைக்கு?" என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். நான் கூசிப்போய் மைக்கை விட்டு விலகினேன்.

நாமக்காரர் அவனைப் பார்த்து, "சும்மா இருடா. அவர் குழந்தையைத் தேடறார்" என்றார். என்னிடம் மெதுவாக, "நிறுத்தாதேங்கோ. எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கேக்கறவன் கேப்பான். சொல்லுங்கோ" என்றார்.

மறுபடி முதல் பாதி சொன்னேன். நிறுத்தினேன். மறுபடி சொன்னேன். நிறுத்தினேன். ஸ்டெல்லா என் வேட்டியை இழுத்தாள். "அப்பா, கேளுங்க!"

மண்டபத்துக்கு வெளியே கடைகள் இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரலில் மறுபாதி வந்தது. "அர்ச்சியசிஷ்ட மரியே, சர்வேசுரனுடைய மாதாவே..." தடங்கல் இல்லை. திக்கல் இல்லை. கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, தொப்பி போட்ட ஒரு வளையல்காரர் தோளில் உட்கார்ந்து, நீலக் கட்டச் சட்டை ஒன்று வந்துகொண்டிருந்தது. நான் நிறுத்திய இடத்தில் அவன் பிடித்தான். அவன் முடித்ததும் நான் ஆரம்பித்தேன். அப்படியே சொல்லிச் சொல்லி அவன் என் கைக்கு வந்து சேர்ந்தான்.

வளையல்கார பாய்க்கு மூச்சு வாங்கியது. "நீங்கதானாங்க அந்தப் பாதியில நிறுத்துனவரு? இந்தப் புள்ள என் கடை ஓரத்துல வந்து உக்காந்து, பேரு கேட்டா 'ச... ச...'ங்குது. சர்க்கரை மிட்டாய் கேக்குதோன்னு வாங்கிக் குடுத்தேன். தின்னுட்டு மறுபடியும் 'ச...'ங்குது! சரி, வாயில்லாப் புள்ளன்னு நினைச்சேன். வியாபாரக் கூச்சல்ல முன்ன மைக்ல கூப்பிட்டது என் காதுல விழலைங்க. மைக்ல உங்க சத்தம் வந்ததும் எந்திரிச்சு நின்னு பொலபொலன்னு சொல்லுச்சு பாருங்க, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அல்லா பெரியவன்."

பாக்கியத்தை ஸ்டெல்லா ஓடிப்போய்க் கூட்டி வந்தாள். அவள் சவரியின் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே பாய்க்கும் இலையில் புளிசாதம் வைத்தாள். அவர், "இன்னும் கொஞ்சம் வைம்மா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பாலத்தில் நடந்து வரும்போது சவரியிடம் கேட்டேன். "எப்படிடா தம்பி திக்காம சொன்னே?"

"நீங்க பா... பாதியில நி... நிறுத்திட்டீங்க. மீ... மீதி என்னுதுப்பா."

எவ்வளவோ நாளாக நான் தேடின வழியை அந்தச் சொல்லில் மாதா காட்டிவிட்டாள். மறுநாளே எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம் மாறியது. வாய்ப்பாட்டில் நான் "ஈரேழு" என்பேன், அவன் "பதினாலு" என்பான். கதையில் பாதி நான், பாதி அவன். காய்கறி வாங்கப் போகும்போது நான் "கத்தரிக்காய்" என்பேன், அவன் "கால் கிலோ" என்பான். "சவரிமுத்து" என்று நான் கூப்பிட, "உள்ளேன் டீச்சர்" என்று அவன் சொல்ல, அடுப்படியிலிருந்து பாக்கியம் சிரிப்பாள். ஒருநாள் அந்தோணி வாசலில் நின்று கேட்டுவிட்டு, கேலி செய்யாமல் போனார். மறுநாள் தன் பிள்ளையையும் அனுப்பினார்.

எண்பதாம் வருஷம் ஜூன் மாதம் சவரி திரும்பப் பள்ளிக்கூடம் போனான். நான் வராந்தாவில் நின்றேன். டீச்சர் அவன் பேரைக் கூப்பிட்டார்கள். ஒரு மூச்சு நேரம் சத்தம் இல்லை.  பிறகு, "உள்ளேன் டீச்சர்!" கொஞ்சம் சத்தம் அதிகம்தான். டீச்சரே நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவன் இப்போது பெரிய பையன். திக்கல் முழுக்கப் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் வயிறு வலிப்பதில்லை. உங்கள் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் சிரிக்காதீர்கள். அவன் வார்த்தையை நீங்கள் பிடுங்கி முடிக்கவும் வேண்டாம். பக்கத்தில் நின்று நீங்கள் ஒரு பாதியை ஆரம்பியுங்கள். அவன் பாதியை அவன் சொல்வான். உங்களுக்கே ஒரு கஷ்டம் வந்து, செபம் முழுதாகச் சொல்ல வாய் வராவிட்டாலும் பயப்படாதீர்கள். வந்தவரைக்கும் சொல்லுங்கள். நான் பாதிதான் சொன்னேன். அதற்கே என் பிள்ளை கிடைத்தான்.

போன வருஷத்திலிருந்து எங்கள் வீட்டுச் செபமாலையில் முதல் பாதி சவரியினுடையது. சில நாள் ஆரம்பத்திலேயே மாட்டிக்கொள்வான். நாங்கள் எடுத்துக்கொடுப்பதில்லை. காத்திருப்போம். அவன் முடித்ததும் மறுபாதியை நான் சொல்கிறேன்.