பிரேக் ஆயிலில் ஊறிய விண்கலங்கள்

மாடுகளை விற்ற பிறகும் எங்கள் வீட்டில் மாட்டுக்கொம்புப் பெயிண்ட் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். வீட்டில் விண்கலங்கள் இருந்தன.

பூதலூருக்குப் பக்கத்தில், ஆற்றில் தண்ணீர் வந்ததா என்பதைத் தவிர வேறு செய்தி இல்லாத ஒரு ஊரில் விண்கலம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எதிர்வீட்டு அண்ணனின் சித்தப்பா சிங்கப்பூரில் ஒரு வீட்டில் தோட்ட வேலை பார்த்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்ததும் குப்பைக்கு ஒதுக்கிய ஒரு விளையாட்டுப் பெட்டியை அவர் அயல்நாட்டுச் சாமான் என்று ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். உள்ளே ஒரு அட்டையும் சில பகடைகளும் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் விண்கலங்களும் இருந்தன. எப்படி விளையாடுவது என்று சொல்லும் தாள் மட்டும் இல்லை. விளையாடத் தெரியாத விளையாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் அண்ணனும் எதிர்வீட்டு அண்ணனும் அவற்றுக்குப் பெயிண்ட் அடித்தார்கள்.

இரண்டு பேரும் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கிடைத்த வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டும் இரும்புக் கேட்டுக்கு வர்ணம் பூசிக்கொண்டும் திரிந்தவர்கள். பொங்கலுக்குக் கொம்பு தீட்டி மிஞ்சிய நீலமும் சிவப்பும்தான் முதல் வர்ணங்கள். பிரஷ்ஷில் நாலைந்து மயிரை விட்டு மற்றதை பிளேடால் சீவிவிடுவார்கள். கறுப்புப் பெயிண்டைத் தண்ணீர் மாதிரி கரைத்துத் தடவினால் அது கலத்தின் கோடுகளில் மட்டும் போய் உட்காரும், பிளாஸ்டிக் இரும்பாகிவிடும். இதையே இப்போது வெளிநாடுகளில் பெரிய பெரிய ஆட்கள் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள், அதற்கென்று தனி மசியே விற்கிறது என்று என் மகள் போனில் காட்டினாள். எங்கள் அண்ணன்மார் யாரிடமும் கேட்காமல் கண்டுபிடித்தார்கள். பழைய பெயிண்டை எடுக்க ஒரு கலத்தைத் தின்னரில் போட்டு அது வெல்லம் மாதிரி கரைந்து போனதும், அவர்களே கண்டுபிடித்ததுதான். அப்புறம் எதிர்வீட்டு அண்ணன் டிராக்டர் பட்டறையிலிருந்து மிச்ச பிரேக் ஆயிலைக் கொண்டுவந்தார். அதில் ஊறப்போட்டால் மறுநாள் பெயிண்ட் மட்டும் தோலாக உரிந்து வரும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. அன்று முதல் எந்தக் கலத்துக்கும் எந்த நிறமும் நிரந்தரமில்லை என்றாகிவிட்டது.

ஒரு கிறிஸ்துமஸுக்குக் கோயில் குடிலில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு விண்கலத்தைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டார்கள். பங்குச் சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதுல பீரங்கி இருக்கேப்பா?"

"ஏரோது ராஜா ஆளுங்க குழந்தையைக் கொல்ல வந்தா வேணுமே சாமி," என்றார் எதிர்வீட்டு அண்ணன்.

சாமியார் சிரித்துவிட்டார். கலம் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை குழந்தை யேசுவுக்குக் காவல் இருந்தது. எதிர்வீட்டு அண்ணன் அப்படி ஆள். என் அண்ணன் பேசவே மாட்டான்; அவர் இவனுக்கும் சேர்த்துப் பேசுவார்.

அது கேபிள் டிவியும் ஏஜென்ட்டுகளும் ஒன்றாக ஊருக்குள் வந்த காலம். குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. மொபெட்டில் வந்த ஒரு ஏஜென்ட், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஆள் எடுப்பதாகச் சொன்னார். என்ன வேலை என்று அப்பா கேட்டார். "கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறதுங்க. தம்பிங்களுக்குக் கைவந்த வேலைதானே!" என்றார் அவர்.

எங்கள் வீட்டில் அதுவரை பெயிண்ட் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வைதுகொண்டிருந்த அம்மா, அன்று அந்தக் கலங்களை முந்தானையால் துடைத்து அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவைதான் பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுத்தன என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன். சின்னக் கப்பலுக்கு அடித்தவர்கள் பெரிய கப்பலுக்கு அடிக்கப் போகிறார்கள், இதில் என்ன கஷ்டம்? எங்களிடமிருந்த கொஞ்ச நிலத்தை அப்பா ஒத்திக்கு வைத்தார். எதிர்வீட்டிலும் அப்படியே. இருவரும் ஒரே மாதிரி பேன்ட் தைத்துக்கொண்டு திருச்சி ரயிலில் ஏறினார்கள். எதிர்வீட்டு அண்ணனின் அம்மா, எங்களுக்கு அத்தை, என் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் வாய்தான்ப்பா பெருசு, ஒண்ணும் தெரியாது. பாத்துக்க," என்றாள்.

ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. எதிர்வீட்டு அண்ணன் பெட்டியில் வந்தார். அதனோடு என் அண்ணனும் வந்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. கப்பலில் விபத்து என்று மட்டும் சொன்னார்கள். மேலே ஏறும்போது கடலில் விழுந்திருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். கல்லறைக்குப் போய்விட்டு வந்த அன்று எதிர்வீட்டு அத்தை எங்கள் வாசலுக்கு வந்து அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ எங்கப்பா இருந்தே?"

அவள் ஏசவில்லை. ஊரில் இல்லாத ஒருவனிடம் விசாரிப்பது போலத்தான் கேட்டாள். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

அவன் எங்கே இருந்தான் என்பது எனக்குத் தெரிந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு, அம்மா சொல்லித்தான். கப்பலின் அடிவயிற்றில் தொட்டி தொட்டியாக அறைகள் இருக்குமாம். ஒரு ஆள் உடம்பைக் குறுக்கி இறங்குகிற ஓட்டை ஒன்றுதான் வழி. உள்ளே இறங்கிப் பெயிண்ட் அடிப்பதுதான் இவர்கள் வேலை. அந்த வாடை ஆளைக் கொல்லும் என்பதால் மேலிருந்து குழாய் வைத்துக் காற்று அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அன்று காற்று நின்றுபோனது. அண்ணன் அப்போதுதான் பெயிண்ட் எடுக்க மேலே ஏறியிருந்தான். திரும்பி வந்து ஓட்டை வழியே கூப்பிட்டிருக்கிறான். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் ஆள் பதில் சொல்லவில்லை. அண்ணன் இறங்கப் போனான். நாலு பேர் அவனை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவர்கள் செய்தது சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

இதெல்லாம் தெரியாத எனக்கு அண்ணன் வந்ததே சந்தோஷம். அதைவிடப் பெரிய சந்தோஷம், சில வாரங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவன் ஒருநாள் எழுந்து அலமாரியிலிருந்து விண்கலங்களை எடுத்ததுதான். மறுபடி பெயிண்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டான்! அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா முகத்திலும் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி வந்தது.

முன்பு சாயங்காலத்தில் மட்டும் செய்த வேலையை இப்போது விடிந்ததிலிருந்து செய்தான். கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடியில், திறந்த வெளியில்தான் உட்காருவான். மழை தூறினாலும் வீட்டுக்குள் வந்து அடிக்க மாட்டான். சாப்பாட்டுக்கு மூன்று தரம் கூப்பிட வேண்டும். அவன் கை முன்பைவிடப் பழகியிருந்தது. ஒரு கலத்தின் முதுகில் அவன் வைக்கும் கோடு நூல் பிடித்தது போல் போகும்.

இதற்குள் ஏஜென்ட் இரண்டு தடவை வந்து போய்விட்டார். அண்ணனின் பெர்மிட் இன்னும் காலாவதி ஆகவில்லை, கம்பெனி கூப்பிடுகிறது, போனால் பழைய இடத்திலேயே வேலை என்றார். அப்பா அவரை அனுப்பிவிட்டு வேப்பமரத்தடியில் வந்து நின்றார். நிலம் ஒத்தியில் கிடப்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"என்ன தம்பி முடிவு பண்ணியிருக்கே?"

"இதெல்லாம் முடிச்சுட்டுச் சொல்றேன்ப்பா," என்றான் அண்ணன், தலையைத் தூக்காமல்.

அப்பா பொம்மைகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் அன்றைக்கே மாதாவிடம் ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன். அண்ணன் திரும்பிப் போகக் கூடாது. அதற்கு மாதா பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், இந்தக் கலங்கள் முடியாமல் இருந்தால் போதும்.

அவை முடியவும் இல்லை. மாதாவைவிட அண்ணனே அதைப் பார்த்துக்கொண்டான். ஒரு கலத்தை எடுத்து முழுக்க அடிப்பான், காயவைப்பான், கோடுகள் தீட்டுவான், கடைசியில் ஒரு கதவு வரைவான். பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று. உள்ளே வெளிச்சம் தெரிகிற மாதிரி மஞ்சளில், திறந்திருக்கும் கதவு. பிறகு கலத்தைக் கண்ணுக்கருகே வைத்து நெடுநேரம் பார்ப்பான். "பத்தாது," என்பான். பிரேக் ஆயில் டப்பாவில் போட்டுவிடுவான். மறுநாள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி முதலிலிருந்து தொடங்குவான். கதவு கொஞ்சம் பெரிதாகும். அதுவும் பத்தாது. டப்பாவில் எந்நேரமும் ஏதாவது ஒரு கலம் ஊறிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு குளிர்ந்தது.

அந்த மட்டில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த வருஷம் பள்ளியில் விண்வெளிப் பாடம் நடத்தியிருந்தார்கள். வகுப்பில் சரியாகப் பதில் சொன்னதற்கு டீச்சர் எல்லோரையும் எனக்குக் கைதட்ட வைத்துப் பாராட்டியிருந்தார். அப்படிப்பட்ட மேதை, தன் அண்ணன் தப்புத்தப்பாகக் கதவு வைத்துக்கொண்டிருப்பதை எத்தனை நாள் பொறுப்பாள்?

"எதுக்குண்ணே எல்லாத்துலயும் கதவு?"

"வெளிய வர்றதுக்குப் பாப்பா."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு அடைச்சுக்கிட்டா இன்னொண்ணுல வரலாம்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ அண்ணே, ஸ்பேஸ்ல காத்தே இல்ல! கதவைத் திறந்தா உள்ள இருக்கறவங்க செத்துருவாங்க. எங்க டீச்சர் சொன்னாங்க."

அண்ணன் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தான். அதன் நுனியில் மஞ்சள் பெயிண்ட் திரண்டு அவன் முழங்காலில் சொட்டியது.

"திறக்கலன்னா?" என்றான்.

"திறக்கலன்னா ஒண்ணும் ஆகாது. உள்ள காத்து இருக்கும்ல!"

"இருக்குமா?"

"இருக்கும்ணே. அதுக்குத்தானே மூடியே வச்சிருக்காங்க."

அவன் என்னைப் பார்த்தான். ஊருக்கு வந்த பிறகு அவன் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல்முறை. ஏதோ சொல்லப் போகிறான் என்று நான் காத்திருந்தேன். பத்து வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வான்?

"அப்ப கதவு வேணாங்கறியா?"

"வேணாம்ணே."

"சரி," என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா சொல்லி, அம்மா சொல்லி, சாமியார் வந்து சொல்லியும் எதற்கும் அசையாதவன் என் பேச்சைக் கேட்டுவிட்டான். நீலத்தைக் குழைத்து ஒவ்வொரு கலமாக எடுத்து, மஞ்சள் கதவுகளின் மேல் பூசத் தொடங்கினான். அவசரமே இல்லை. முதலில் ஓரம், பிறகு நடு. ஒரு பூச்சில் மஞ்சள் லேசாகத் தெரிந்தது; காயவிட்டு இரண்டாவது பூச்சு கொடுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே இன்னும் தெரிகிறது என்று விரலால் காட்டிக்கொடுத்தேன். டப்பாவில் ஊறிக்கொண்டிருந்ததையும் எடுத்துக் கழுவி அடித்தான். அன்றைக்கும் மறுநாளுமாக எல்லாக் கலங்களும் முடிந்துவிட்டன. பிரேக் ஆயிலை வேலியோரமாகக் கொட்டினான்.

சாயங்காலம் அப்பா வந்ததும் எழுந்து நின்று, "போறேன்ப்பா," என்றான்.

அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே திருப்பிக்கொண்டு ஏஜென்ட்டுக்குப் போன் செய்ய பூதலூருக்குப் போனார். அம்மா அடுப்படியில் அழுதாள். அது எந்த வகை அழுகை என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அண்ணன் போனான். அதே கம்பெனி, அதே வேலை. நிலம் திரும்பியது, மாடி வீடு எழும்பியது, என் படிப்பும் நகையும் அங்கிருந்துதான் வந்தன. இருபது வருஷத்துக்கு மேல் அவன் அந்தத் தொட்டிகளுக்குள் இறங்கி ஏறினான். லீவில் வரும்போது வாசலில் கட்டில் போட்டுத்தான் படுப்பான்.

ஆனால் அவன் போறேன் என்று சொன்ன அந்தச் சாயங்காலம் நான் எதையும் இழந்ததாக நினைக்கவில்லை. கலங்கள் முடிந்ததால்தான் அவன் போகிறான் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. எல்லாவற்றையும் கிணற்று மேடையில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். எங்கேயும் ஒரு மஞ்சள் பொட்டுக்கூட இல்லை.

"இப்பதான் அண்ணே நெசக் கப்பல் மாதிரி இருக்கு!"

அண்ணன் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"ஆமா பாப்பா," என்றான். "நெசக் கப்பல் இப்படித்தான் இருக்கும்."

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.