செத்தவர்களுக்கும் சேர்த்து எடுத்த வீடு

உங்கள் அம்மாவும் மூத்த மகள் பெரியவளும் ஊரிலிருந்து கப்பல் ஏற நாள் குறித்தாகிவிட்டது. அவர்களைக் கொண்டுபோய் வைக்க எனக்கு வீடு இல்லை. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷத்தின் தொடக்கம் அது. மலாக்கா டவுனில் ஒரு மளிகைக்கடையில் சாமான் நிறுக்கும் வேலை எனக்கு. ராத்திரியில் கடையின் மாடியில் எட்டு ஆண்கள் பாய் விரித்துப் படுப்போம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடு தேடி அலைந்தேன். தனி ஆளுக்கு யாரும் தரமாட்டார்கள். "இன்னைக்கு ஒருத்தன்னு வருவே, மாசக் கடைசியில பத்துப் பேரு படுத்துக் கிடப்பீங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். மனைவி வருகிறாள் என்றால், வந்த பிறகு வா என்பார்கள். செமாபோக்கில் ஓர் அறை காலியாக இருந்தது, குழந்தை கூடாதாம். புக்கிட் ரம்பாயில் ஒரு வீடு கிடைப்பதாக இருந்தது. சுற்றிலும் மரம், கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. ஊரிலிருந்து புதிதாக வருகிறவளைப் பகலெல்லாம் அங்கே எப்படி விடுவது?

கடையில் என்னோடு வேலை செய்த அண்ணன் ஒருவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். எதற்கும் கேலி பேசுவார். அவர்தான் கஜா பெராங்கில் ஒரு பலகை வீடு பூட்டிக் கிடப்பதாகச் சொல்லி அழைத்துப் போனார். வாசலில் மாவிலைத் தோரணம். பக்கத்து வளவிலிருந்து வந்த வீட்டுக்கார அம்மாளின் நெற்றியில் திருநீறு. எனக்கு உயிர் வந்தது. நம்மவர் என்று மளமளவென்று தமிழில் பேசிவிட்டேன். அந்த அம்மாள் மலாயில் அண்ணனைக் கேட்டார், "என்ன சொல்றான் இவன்?"

அவர்கள் மலாக்காச் செட்டிகள். பல தலைமுறைக்கு முன்பே வந்து இங்கேயே ஊறியவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய், உடுப்பு கைலியும் கெபாயா சட்டையும். மலாயில் அத்தை என்பது போல எல்லாரும் அவரை மக்சிக் என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவர் நீளமாகப் பேசினார். கடையில் பழகிய என் மலாய் பாதிக்குத்தான் போதும். மீதியை அண்ணன் சொன்னார்.

"தம்பி, எத்தனை வருஷம் வேணும்னாலும் இருந்துக்கலாமாம். ஒரே ஒரு நிபந்தனை. பொங்கலுக்கு மொத நாளு இந்த வீடு அவங்களுக்கு வேணும். அவங்க அம்மா, புருஷன் ரெண்டு பேரும் இங்கதான் செத்துப் போனாங்க. அன்னைக்கு அவங்க சாப்பிட வருவாங்களாம்."

"செத்தவங்களா?"

"ஆமா. வாடகையில பங்கு கேக்க மாட்டாங்க, பயப்படாதே."

மக்சிக் கூடத்தைக் காட்டினார். அங்கே வாழையிலை விரித்து, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். பர்ச்சு என்று அதற்குப் பெயர். அவர் இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். இலையை அங்கே போடக்கூடாதா என்று கேட்டேன்.

"அவங்களுக்கு இந்த வீட்டுக்குத்தான் வழி தெரியும்" என்றார்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

உங்கள் அம்மா வந்தாள், வீட்டைப் பார்த்தாள், சந்தோஷப்பட்டாள். இந்த நிபந்தனையை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே பத்து மாதம் ஓட்டினேன். அதற்குள் அவள் வயிற்றில் பிள்ளை. மார்கழி பிறந்த கையோடு மக்சிக் வந்து அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, விரல் விட்டு எண்ணினார்.

"எப்போ?"

"தை கடைசியில" என்றேன்.

"முந்திக்கிட்டா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடு. பர்ச்சுக்கு முன்னால இந்த வீட்டுல பிரசவம் ஆகக் கூடாது. ஆச்சுன்னா நான் இலை போட முடியாது."

அவர் போன பிறகு, மலாயில் என்ன பேசினார் என்று அம்மா என்னைக் கேட்டாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"பிள்ளையத் தூங்க வெக்கிற கூடத்துலயா செத்தவங்களுக்குச் சோறு போடப் போறாங்க? வருஷம் முழுக்க வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

ஒரு வாரம், கேட்டதற்கு மட்டும் பதில்.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மத்தியானம் சாப்பிட வந்தேன். அம்மா கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போக, பேச்சா என்று இங்கே சொல்லும் சைக்கிள் ரிக்‌ஷாவை அழைத்து வர ஓடினேன். பேச்சா வாசலுக்கு வந்து மணி அடித்தபோது உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அடுத்த சந்திலிருந்த மருத்துவச்சி வந்து தொப்புள்கொடி அறுத்தார். அறையில் இல்லை; கூடத்தின் நடுவில், இலை போடும் இடத்திலேயே.

பெரியவனே, அது நீ. நீ ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை.

மக்சிக் அப்போது மகன் குடும்பத்தோடு கிளேபாங்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பர்ச்சன்று காலையில்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

"உண்மையச் சொல்லிடுங்க. போகச் சொன்னா போவோம்" என்றாள் அம்மா.

"பச்சை உடம்போட எங்க போறது? கடை மாடிக்கா?"

"அதுக்காக அவங்களை ஏமாத்தணுமா? நம்மளை நம்பித்தானே இலை போட வராங்க?"

அண்ணனிடம் கேட்டேன். "ஆஸ்பத்திரியில பொறந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயேன். செத்தவங்க வந்து சாட்சியா சொல்லப் போறாங்க?" என்றார். இந்த முறை அவர் கேலிக்கு நான் சிரிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று காலை இரண்டு கையிலும் கூடையோடு மக்சிக் வந்தார். வேலிக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டார். உள்ளே நீ அழுதுகொண்டிருந்தாய்.

"பொறந்துடுச்சா? எங்க பொறந்துச்சு?"

"ஆஸ்பத்திரியில."

அவர் கண்ணை மூடி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

நாள் முழுக்கச் சமைத்தார். புருஷனுக்குப் பிடித்த மீன்குழம்பு, தாய்க்குப் பிடித்த கருப்பட்டிப் பலகாரம் எல்லாம் இலையில் வைத்தார். கூடத்துக் கதவைச் சாத்தியபோது நாங்கள் எல்லாரும் முற்றத்தில் நின்றோம். அம்மாவிடமிருந்து உன்னைக் கேட்டு வாங்கி, சாத்திய கதவைப் பார்த்து அவர் மலாயில் சொன்னார்: "புதுசா ஒருத்தன் வந்திருக்கான். பார்த்துக்குங்க." என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கிணற்றடிக்குப் போய் வெறுமனே தண்ணீர் இறைத்தேன்.

படைத்த சாப்பாட்டில் எங்களுக்கும் கொடுத்தார். அம்மா வாங்கி வைத்தாள், தொடவில்லை.

அன்றிலிருந்து உன்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஆஸ்பத்திரிப் பிள்ளை எங்கே?" என்றுதான் வருவார், கையில் உனக்கு ஏதாவது தின்பண்டத்தோடு. நீயும் அந்தப் பெயரைக் கேட்டு ஓடுவாய். ஒவ்வொரு தடவையும் நான் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவேன். சில வருஷம் கழித்து அவருடைய மகன் சைக்கிளிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. இன்னொரு வருஷம் மகளுக்குக் கரு தங்கவில்லை. இதெல்லாம் யாருக்கும் வருவதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அம்மா என்னைப் பார்ப்பாள்.

பதினாறு வருஷம் அந்த வீட்டில் இருந்துவிட்டோம். மக்சிக் ஒரு நாள்கூட எங்களைக் கிளம்பச் சொன்னதில்லை. போன ஆடியில் அவர் தவறிப்போனார். பொங்கலுக்கு முதல் நாள் அவர் மகன் வந்து, இரண்டு இலைக்குப் பக்கத்தில் மூன்றாவது இலையைப் போட்டார். நான் அதைப் பார்க்க நிற்கவில்லை. கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு செமாபோக் வரைக்கும் போனேன். அங்கே ஒரு வேலையும் இல்லை.

பொழுது சாயும் நேரம் திரும்பியபோது அம்மா மட்டும் முற்றத்தில் இருந்தாள்.

"நான் சொல்லிட்டேன்" என்றாள்.

"யார்கிட்ட? அவங்க மகன்கிட்டயா?"

"இல்ல. கதவைச் சாத்தினாங்கல்ல, அப்ப அந்தக் கதவுகிட்ட போயி அவங்களுக்கே சொன்னேன். எம் புள்ளை உங்க கூடத்துலதான் பொறந்தான், மன்னிச்சிருங்கன்னு."

"நானும் சொல்லியிருக்கணும்."

"பொய் சொன்னது நீங்க. எம் பங்கை நான் சொல்லிட்டேன். உங்க பங்கை நான் எப்படிச் சொல்றது?"

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஆகிவிட்டது. பெரியவனே, இதை முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். மக்சிக்கின் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்பார். இந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு நான் அங்கே போக வேண்டும். அவர் வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் சொல்லலாம். அந்த அவசரத்தில் தொலைந்துபோகாமல், உங்கள் சின்னத் தங்கச்சியின் சாமான்களை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.