வத்தகப்பழம் நீட்டினால் யானை குனியும்

பிள்ளைகளுக்கு ஃபோன் விளையாட்டுச் செய்கிற தொழிலில், செய்தவனைத் தவிர மற்ற எல்லாருக்கும் எல்லாம் தெரியும். மருதமுனையில் வீட்டு மேல்மாடியில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு காட்டு விலங்கு விளையாட்டுகள் செய்கிறேன். பிள்ளையிடமிருந்து ஃபோனைப் பிடுங்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் தவிக்கிறவர்கள் கொஞ்சம் கேளுங்கள். உங்கள் தலைவலியைச் செய்து விற்கிறவனுக்கும் தலைவலி உண்டு.

அசையாமல் நிற்பது

முதல் யானை விளையாட்டுக்கு விதி சொல்லித் தந்தவர் என் மச்சான், சொறிக்கல்முனைப் பக்கம் வயல் செய்கிறவர். யானை உன்னைப் பார்த்தால் அசையாதே. அது பார்வையை எடுத்தால் ஓரடி பின்னால் வை. முதுகைக் காட்டாதே. அப்படியே செய்தேன். திரையில் யானை ஆறுதலாகப் புல் மேய்ந்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சோதித்தேன். ஐந்து நிமிடத்தில் எழும்பிப் போய்விட்டார்கள். மச்சானின் எட்டு வயது மகள் ஹஸ்னா மட்டும் கடைசிவரை விளையாடிவிட்டு ஃபோனைத் திருப்பித் தந்தாள். "மாமா, இது யானை விளையாட்டா, பஸ்ஸுக்கு நிக்கிற விளையாட்டா?"

குனிகிற யானை

கொழும்பில் அதை வாங்கவிருந்த கம்பனி முகாமையாளரும் அதையேதான் சொன்னார். யானை கிட்ட வரவேண்டுமாம், பிள்ளை தொடவேண்டுமாம். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரே நாளில் மாற்றினேன். வத்தகப்பழத் துண்டை, அதுதான் தர்ப்பூசணியை, இரண்டு கையாலும் நீட்டினால், யானை முன்காலை மடித்துக் குனிந்து பிள்ளையை முதுகில் ஏற்றும்.

மூன்று நாளில் எங்கள் தெருப் பிள்ளைகள், ஹஸ்னா உட்பட, அதை ஃபோனுக்கு ஃபோன் ஏற்றிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானிடமும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். "எங்கட வயல் வட்டைக்கு வாற யானைக்கு இத ஆர் செல்லிக் குடுக்கிற?"

அறுவடை முடிந்த வயல்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மச்சானின் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். அறுத்த வயலின் அந்தக் கரையில் ஒற்றை யானை நின்றது. பட்டப்பகலில் வைக்கோல் தின்ன வருவது புதிதல்ல. எல்லாரும் வாய்க்கால் கரைக்கட்டின் மேல் ஏறி நின்றோம், ஹஸ்னாவைத் தவிர. அவள் வயல் நடுவே போய்க்கொண்டிருந்தாள், கையில் சாப்பாட்டோடு வந்த வத்தகப்பழத் துண்டு.

யானை தின்பதை நிறுத்தியது. மச்சான் என் கையை இறுக்கிப் பிடித்தார். "பின்னால ஓடாத. புள்ள பயந்து ஓடினா அது துரத்தும்." அவளுக்கும் யானைக்கும் நடுவே ஒரு வீட்டு முற்றம் அளவு இடம்தான். நின்று, இரண்டு கையாலும் பழத்தை நீட்டினாள். நான் செய்து கொடுத்தபடியே நீட்டினாள். யானை காதை விரித்து ஓரடி முன்னால் வைத்தது.

என்ன சொன்னால் கேட்பாள் என்று தெரியவில்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிடும் குரலில் சொன்னேன்: "ஹஸ்னா, பஸ்ஸுக்கு நிக்கிற விளையாட்டு."

பழம் கீழே விழுந்தது. அசையாமல் நின்றாள். யானை பழத்தைப் பார்த்ததும் ஓரடி பின்னால் வைத்தாள். மறுபடி நின்றாள். மறுபடி ஓரடி. அவள் பாதி வயலைக் கடந்தபோது, அவள் முன்பு நின்ற இடத்திலேயே நின்று யானை பழத்தைத் தின்றது. கரைக்கட்டுக்கு வந்ததும் மச்சான் அவளை அள்ளித் தூக்கினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நானும் வெட்கத்தில் நிமிரவில்லை. ஹஸ்னாவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. "நான் சரியாத்தானே நீட்டின மாமா. ஏன் அது குனியல்ல?"

வீடு வீடாக

அன்றைக்கே விளையாட்டிலிருந்து வத்தகப்பழத்தை எடுத்துவிட்டேன். முகாமையாளர் அந்த விளையாட்டே வேண்டாம் என்றார். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எத்தனை ஃபோனில் அந்த யானை இன்னும் குனிந்துகொண்டிருக்கிறது என்று தெரியாததுதான் பயம். ஒவ்வொரு வீடாகப் போய் அழிக்கத் தொடங்கினேன். மூன்றாவது வீட்டில் ஒரு தாய், மகனின் முன்னால் ஃபோனைச் சாத்தி வைத்துச் அவன் வாயில் சோறு தீத்திக்கொண்டிருந்தார். திரையில் யானை. நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார், முகமும் வெளிறியது, ஆனால் ஃபோனைத் தரவில்லை. "எல்லாம் சரி தம்பி. புள்ள சோத்தத் தின்டு முடிக்கட்டும், பொறகு அழிங்க."

நான் செய்ததில் ஊர் முழுக்கப் பரவியது அந்த விளையாட்டு ஒன்றுதான்; அதை அழிப்பதற்கு இப்போது வாசல் வாசலாக நிற்கிறேன், பஸ்ஸுக்கு நிற்பதுபோல.