இரும்பும் கொஞ்சம் குழையும்

மாடிப்படியில் இரும்புக் கட்டிலின் கீழ்முனையை அவர் பிடித்திருந்தார். மேல்முனையை மச்சினி பிடித்திருந்தாள்.

“தள்ளுங்க மாமா.”

“தள்ளிட்டேன்.”

“எங்க தள்ளினீங்க? இங்க அசையவே இல்ல.”

“என் முனை நகர்ந்த சேதி உன் முனைக்கு வந்து சேரணும்ல? இரும்புல சத்தம் போற வேகத்துலதான் வரும்.”

“என்னிக்கு வரும்? கை கடுக்குது.”

“கண்ணிமைக்கறதுக்குள்ள வந்துரும். ஆனா அதே நொடியில வராது. அதான் விஷயமே.”

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். “அவர் தள்ளவே இல்லடி. வாய் ஓடினா கை நின்னுரும் அவருக்கு.”

அக்காவின் கணவர் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார். மாணவர்கள் வைத்த பெயர் ரப்பர். துளியும் வளையாத பொருள் உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. ஒரு முனையைத் தள்ளிய அதே கணத்தில் மறுமுனையும் நகர்ந்தால் சேதி ஒளியை முந்திவிடும். ஒளியை எதுவும் முந்தக் கூடாது. ஆகவே வைரமானாலும் கொஞ்சம் அமுங்கித்தான் தீர வேண்டும். இதைச் சொல்லும்போது, வீம்பு பிடித்த வைரத்தைத் தானே பேசி வழிக்குக் கொண்டுவந்ததுபோல் முகம் மலரும். பல் டாக்டரிடம் வாயைத் திறந்திருந்த நேரத்தில் மட்டும் சொல்லவில்லை. மூடியதும் சொன்னார்.

அமுங்குவதைக் காட்ட மெத்தையின் மூலையை வெட்டிப் பையில் வைத்திருக்கிறார். வெட்டியது அக்கா படுக்கும் பக்கம்.

ஒருமுறை அக்காவையும் தங்கையையும் கூடத்தில் முன்னும் பின்னுமாக நிறுத்தி, இடையில் தையல் நூலைக் கட்டினார். இருவரும் இரண்டு ராக்கெட்டுகளாம். ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே மாதிரி வேகம் பிடிக்க வேண்டும். வேகம் ஏறி ஒளியை நெருங்க நெருங்க நூல் சுருங்கப் பார்க்கும், நடுவிலுள்ள தூரமோ சுருங்காது, நூல் அறுந்துவிடும். இருவரும் சுவர்வரை நடந்தார்கள். நூல் அப்படியே இருந்தது.

“அறுந்திருக்கணும்,” என்றார். “நீங்க ரெண்டு பேரும் ரொம்ப மெதுவா நடக்கறீங்க.”

“அடுப்புல பால் இருக்கு. ராக்கெட்டு போகுது,” என்று அக்கா நூலோடு நடையைக் கட்டினாள்.

இதையெல்லாம் சொல்லும் சார்பியல் பாடம் கல்லூரியில் விருப்பப்பாடம். ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஓர் உரை நிகழ்த்துவார். கேட்டுப் பிடித்தவர்கள் சேரலாம். போன வருடம் அரங்கம் முழுக்கத் தலையாட்டியது. ஆடிய தலைகளில் ஒன்றுகூட வகுப்புக்கு வரவில்லை. இந்த வருடமும் யாரும் சேராவிட்டால் பாடத்தையே எடுத்துவிடுவோம், முதலாண்டு ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதல்வர் சொல்லிவிட்டார். அதை வீட்டில் வேடிக்கைபோலத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் சாப்பாட்டு மேஜையில் தினமும் வளைத்துக் காட்டும் கரண்டியை ஓரத்தில் தள்ளிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். அக்கா பயந்துபோனாள்.

“ஏங்க, இன்னிக்குக் கரண்டி குழையலையா?”

“குழையுது,” என்றார். அவ்வளவுதான்.

உரை நாளன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே மச்சினியிடம் மெல்ல ஆரம்பித்தார்.

“பாங்குல அரைநாள் லீவு போட முடியுமா? வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துக்கோ. தலை மட்டும் ஆட்டாத. புரியாத இடத்துல கை தூக்கு. ஒருத்தர் கேட்டா இன்னொருத்தருக்கும் தைரியம் வரும்.”

“எனக்கு எதுவுமே புரியலயே மாமா. எந்த இடத்துல தூக்கறது?”

“ரொம்ப நல்லதாப் போச்சு. ஆரம்பத்துலயே தூக்கிரு.”

வாசலைத் தாண்டியவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கேக்கும்போது மாமான்னு கூப்பிட்டுராதம்மா.”