குண்டூசி அக்கா

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் குழுவை நடத்தும் அவளுக்கு, அலுவலகத்தில் 'குண்டூசி அக்கா' என்றே பெயர். குழுவால் எத்தனை வேலைகளை முடிக்க முடியுமோ, பலகையில் அத்தனை குண்டூசிதான் வைப்பாள். புது வேலைச் சீட்டைக் குத்த வேண்டுமானால் பழையது ஒன்றைக் கழற்றியாக வேண்டும். இதில் அவள் யாருக்கும் மசிந்ததில்லை.

வாடிக்கையாளர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வரும் முதலாளி, அன்றும் ஒரு சீட்டை நீட்டினார்.

"சின்ன வேலைதாம்மா. இதையும் சேர்த்துக்க."

"சேர்த்துக்கலாம் சார். எதை எடுக்கட்டும்?"

"எதையும் எடுக்க முடியாது. எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டேன்."

"அப்போ குத்த ஊசி இல்லையே சார்."

மறுநாள் காலை அவள் மேசையில் ஒரு டப்பா குண்டூசியை வைத்துவிட்டுச் சிரித்தார். அவள் டப்பாவை அவர் பக்கமே நகர்த்தினாள்.

"ஊசி வந்தாச்சு சார். வேலை செய்ய ஆள் எப்போ வருவாங்க?"