மாமனார் இறங்குகிறார்

அவனுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்தது உடன் வேலை பார்ப்பவர்கள் இல்லை. மலைப் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு அம்மாள், போகும்போது கருத்துப் புத்தகத்தில், "இடம் அருமை, காற்று அருமை, அந்தச் சிடுமூஞ்சிக் காவலரை மட்டும் மாற்றவும்" என்று எழுதிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து அலுவலகத்தில் அதுவே பெயராகிவிட்டது. அவன் வருத்தப்படவில்லை. சிடுமூஞ்சி என்று தெரிந்தால் நாலு பேர் குறைவாகப் பேச்சுக் கொடுப்பார்கள், அதுவும் லாபம்தானே என்றான்.

பதினாறு வருஷமாக அங்கே பாதைக் காவல். விடிவதற்குள் நடைபாதையில் விழுந்து கிடக்கும் கிளைகளை இழுத்துப் போட வேண்டும். மலையேற வருகிறவர்களை உச்சி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், போன தலை எத்தனையோ அத்தனை தலையையும் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களின் பைகளைச் சோதித்து, தின்பண்டம், பற்பசை, வாசனைச் சோப்பு எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். வாசனை பிடித்துக்கொண்டு கரடி வரும்.

வேலை அவனுக்கு உயிர். வேலைக்குக் காரணமான வருகையாளர்களைத்தான் கண்டாலே ஆகாது. பாட்டுப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, "ஒரு மிருகத்தையும் காணோமே" என்று கேட்பவனை என்ன செய்வது? மானுக்குச் சிப்ஸ் நீட்டுகிறவனை? "மான் எத்தனை மணிக்குங்க வரும்?" என்று ஒருத்தர் கேட்டதற்கு, "உங்க போன் நம்பரைக் குடுத்துட்டுப் போங்க, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்" என்றான். அந்த மனிதர் நிஜமாகவே நம்பரைக் கொடுத்தார்.

மனுஷர்களில் அவன் முகம் கொடுத்துப் பேசுவது இரண்டே பேரிடம். ஒருத்தி மனைவி, முகாம் சமையல் கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. இன்னொருத்தி மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள். மூவரும் காவலர் குடியிருப்பில் இரண்டு அறைகளில் இருந்தார்கள்.

அவன் மொத்தமாக வெறுத்தது ஒரே ஒரு ஆளை. மாமனாரை.

அவர் ஒரு லாரி அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணை அவனுக்குக் கொடுத்த நாளிலிருந்து, கொடுத்தது தப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். "மரத்தை யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு காவலா மாப்பிள்ளை?" என்பார். முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நிற்பார். அரிசி டப்பாவைத் திறந்து பார்ப்பார், ஜன்னலை ஆட்டிப் பார்ப்பார், சுவரில் ஈரம் ஊறியிருப்பதை விரலால் தடவிப் பார்த்து அந்த விரலை அவனிடமே காட்டுவார். இரண்டு பேரும் எலியும் பூனையும்தான். ஆனால் எலி யார், பூனை யார் என்பது மட்டும் கடைசி வரை முடிவாகவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், வாக்கிடாக்கியில் யாரோ "கரடி" என்று சொல்ல, பக்கத்தில் நின்ற முப்பது பேர் கரடி இருக்கும் பக்கமாகவே போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இனிமேல் அந்த வார்த்தையை வாக்கிடாக்கியில் சொல்லக் கூடாது, வேறு பெயர் வையுங்கள் என்று அலுவலகம் உத்தரவு போட்டது. காவலர்கள் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். சிடுமூஞ்சி யோசிக்கவே இல்லை.

"மாமனார்னு வைங்க. சொல்லாம வருவாரு. வந்தா எதையாவது கிளறுவாரு. நாமளா விரட்டவும் முடியாது."

அன்றைக்கு அந்த அறையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்றிலிருந்து பூங்கா முழுக்கக் கரடி என்றால் மாமனார். "மாமனார் குப்பைத் தொட்டியைக் கவுத்துட்டார்." "மாமனார் குட்டியோட நிக்கறார், கிட்டப் போகாதீங்க." மனைவிக்கும் இது தெரியும். முதலில் கோபப்பட்டாள், பிறகு பழகிவிட்டது. வேலைக்காக அவள் இடுப்பிலும் ஒரு வாக்கிடாக்கி தொங்கியது. மாமனார் வருகிறார் என்று கேட்டால் அடுப்பை அணைத்துக் கதவைச் சாத்த வேண்டியவள் அவள்.

இந்த வருஷம் மாமனார் கடிதம் போட்டுவிட்டு வந்தார். அதுவே கெட்ட சகுனம் மாதிரி இருந்தது. மூன்று நாள் இருக்கப் போவதாகவும், குடியிருப்பில் அல்ல, வருகையாளர்களோடு கூடாரத்தில் தங்கப் போவதாகவும் எழுதியிருந்தார். இந்த இடம் தன் பெண்ணும் பேத்தியும் வாழத் தகுந்ததா என்று கண்ணால் பார்ப்பாராம். ஆபத்து என்று பட்டால் இருவரையும் கையோடு டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். பேத்திக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் பேசி வைத்தாகிவிட்டது.

"போயிடுவியா?" என்று அவன் மனைவியைக் கேட்டான்.

"அப்பா பயப்படறார். பயம் போச்சுன்னா அவரே விட்டுடுவார். மூணு நாள் வாயை மட்டும் கட்டுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஊரெல்லாம் கரடியைக் காட்டு என்று அவனிடம் கெஞ்சும். இந்த மூன்று நாளும் கரடி ஒருத்தர் கண்ணிலும் படக் கூடாதே என்று அவன் தவித்தான். காவலர்களைக் கூட்டி வைத்துச் சொன்னான்: "மூணு நாளைக்கு மாமனார்னா என் மாமனார். கரடின்னா மேனேஜர். அந்த ஆள் எங்க போறார், என்ன பண்றார்னு எனக்குச் சொல்லிக்கிட்டே இருங்க." எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதல் இரண்டு நாள் அப்படியே நடந்தது. "மாமனார் பாலத்துல நிக்கறார்." "மாமனார் படுத்துட்டார்." மேனேஜர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பளபளப்பான தோல் செருப்போடு மலையேறிய மாமனார், வழியெல்லாம் குறை சொன்னார். சரிவில் காட்டாடுகள் நின்றதைத் தொலைநோக்கியில் காட்டியபோது மட்டும் ஐந்து நிமிஷம் பேசாமல் பார்த்தார். அதற்கு ஈடுகட்டுவது போல அன்று மாலை, கூடாரத்துக்காரர்கள் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, "எங்க மாப்பிள்ளைக்கு மனுஷங்ககிட்டப் பழக வராது. அதனாலதான் மிருகங்களோட விட்டு வச்சிருக்காங்க" என்றார். பதினைந்து பேரும் சிரித்தார்கள். மகளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மனைவி தூரத்திலிருந்து கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் வார்த்தைகளை மென்று விழுங்கினான். விழுங்கினானே தவிர, செரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு அவன் உச்சியில் நின்றான். சூரியன் மேலே வந்திருந்தது. எட்டுப் பேரும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வாக்கிடாக்கி கரகரத்தது. கண்காணிப்புக் கோபுரத்துக் காவலன்.

"அண்ணே, மாமனார் வழுக்குப்பாறைப் பக்கமா இறங்கறார். சத்தம் குடுக்கவா?"

வழுக்குப்பாறை என்பது ஓடைக்கரையில் பாசி பிடித்த பாறை. போன வருஷம் அதில் கால் வைத்த ஒருத்தர் இடுப்பு ஒடிந்து இன்னும் கோலோடு நடக்கிறார். எச்சரிக்கைப் பலகை ஆளுயரத்துக்கு நட்டிருந்தது. அதைப் படித்துவிட்டும் இறங்குகிறார் என்றால் கொழுப்புதானே? அந்தப் பளபளப்புச் செருப்பு அவன் கண் முன்னால் வந்தது. பதினைந்து பேரின் சிரிப்பும் காதில் கேட்டது.

"வேணாம், இறங்கட்டும்."

"அண்ணே?"

"விழுந்து இடுப்பு ஒடிஞ்சாத்தான் கிழத்துக்குப் புத்தி வரும். நீ வாயை மூடிட்டு வேடிக்கை பாரு."

சொல்லி முடித்ததும் அவனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. பதினோரு வருஷத்தில் இவ்வளவு நிம்மதியாக அவன் மூச்சு விட்டதில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளைக்கும் கத்துகிற நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, விழுந்துவிட்டாரா என்று பார்க்கத் தொலைநோக்கியை எடுத்தான். பாறையில் யாரும் இல்லை. ஓடைக்கு இந்தப் பக்கம், கூடாரங்கள் இருக்கும் புல்வெளி ஓரத்தில், கறுப்பாகப் பெரிதாக ஒன்று தலையைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றது. கீழேயிருந்து தட்டுகளை அடிக்கும் ஓசை மேலே வந்தது.

ஒன்பது வருஷப் பழக்கம் மூன்று நாளில் நாக்கை விட்டுப் போகுமா? கோபுரத்துக்காரன் பழைய பெயரையே சொல்லியிருக்கிறான். எட்டுப் பேரையும் அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு அவன் ஓடினான். முக்கால் மணி நேரப் பாதையைக் கால் மணியில் இறங்கினான். மகள், மனைவி, மகள், மனைவி என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

அவன் போய்ச் சேர்ந்தபோது கரடி போய்விட்டது. முதல் கூடாரம் கிழிந்து கிடந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று புல்லில் நொறுங்கிக் கிடந்தது. ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. எல்லோரும் சமையல் கூடத்துக்குள் இருந்தார்கள். அவன் குரல் கேட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். மாமனார் பாதி முகத்தில் சவர நுரையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மகள். மனைவி கையில் இன்னும் தட்டும் கரண்டியும் இருந்தன. இடுப்பில் வாக்கிடாக்கி.

அவள் அப்பாவுக்குச் சவரம் செய்யச் சுடுதண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போதுதான் வாக்கிடாக்கி கரகரத்திருக்கிறது. மாமனார் இறங்குகிறார் என்றதும், "நான் இங்கதானேம்மா நிக்கறேன்?" என்று அவர் கேட்டாராம். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, வருவது கரடி என்று. அடுத்து வந்த புருஷன் குரலையும் இருவரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். கேட்ட பிறகுதான் அவள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கூடாரமாக ஓடியிருக்கிறாள்.

பத்து மணிக்கு டவுனுக்குப் போகும் ஜீப்பில் பெட்டிகள் ஏறின. மாமனார் முகத்தைக் கழுவிவிட்டார், மீதிப் பாதியைச் சவரம் செய்யவில்லை. ஜெயித்த முகமாகவும் இல்லை. வண்டிப் படியில் கால் வைக்கும்போது ஒரு தரம் தடுமாறினார். அவன் கையை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார். ஆடு பகை, குட்டி உறவா என்று ஊரில் கேட்பார்கள். பேத்தி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

"கரடிக்குப் பயந்தா போறே?" என்றான் மனைவியிடம்.

"கரடியோட பதினோரு வருஷம் இருந்தாச்சு."

"அப்புறம் என்ன?"

"மூணு நாளா உங்களுக்காக அப்பாகிட்ட வாதாடினேன். கோபக்காரர்தான், ஆனா மனசுல ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னேன்."

ஜீப் ஓட்டுநர் ஒரு தரம் ஹாரன் அடித்தார். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நான் கரடின்னு நினைச்சுத்தான் சொன்னேன். சத்தியமா."

அவள் வாக்கிடாக்கியை இடுப்பிலிருந்து கழற்றி அவனிடம் கொடுத்தாள்.

"பொய் சொல்லாதீங்க. கரடி அந்தப் பாறைல கால் வைக்குதுன்னா, விழுந்துடப் போகுதேன்னு நீங்க ஓடியே வந்திருப்பீங்க."

அவள் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சொன்னது நிஜம்.