சீல் விழாத ஸ்டாம்பு

கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமை. நான் நாலடி நடந்து, திரும்பி வந்து, பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுகிறவள். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. விரல் இன்னும் துழாவுகிறது.

இது அக்காவால் வந்த பழக்கம். அக்கா அப்போது குடியாத்தத்தில், புகுந்த வீட்டில், தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஏழாம் மாதம். பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பதென்றால் எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒற்றைப்படை மாதத்தில்தான். ஏழு தப்பினால் எட்டில் அனுப்பமாட்டார்கள். ஒன்பதில் நிறைவயிற்றோடு வண்டி மாறி வண்டி ஏறி வரவேண்டும். அந்த வயிற்றோடு அவள் ஜோலார்பேட்டை ஸ்டேஷன் படிகளில் ஏறுவதை அம்மாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அழைக்கும் நாளைப் பெண்ணைப் பெற்றவர் முதலில் எழுதிக் கேட்கவேண்டும். சரி என்று பதில் வந்த பிறகே போகவேண்டும். கேட்காமல் போய் வாசலில் நின்றால் மரியாதை இல்லை.

அப்பா எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். காற்றுகூட வரவில்லை.

வந்தது அக்காவின் கார்டு ஒன்று. தான் சௌக்கியம், நாங்கள் சௌக்கியமா என்று கேட்டிருந்தாள். அழைப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கார்டை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம சௌக்கியம்னு எழுதினா இன்னா அர்த்தம்? எவளோ பக்கத்துல நின்னு எழுத வெச்சிருக்கா."

"அவளுக்கு வாய் இல்லையா, கை இல்லையா?" என்றார் அப்பா.

"வாய் இருந்தா கார்டுல கேக்குமா?"

அப்பா மூன்றாவது கடிதம் எழுதினார். அன்று தங்கவயலில், ஊரிகத்தில், கம்பெனி கொடுத்த எங்கள் லைன் வீடு ஒருமுறை குலுங்கியது. பூமிக்கடியில் சுரங்கத்தில் எங்கோ பாறை வெடித்திருந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பல்லைக் கடித்துக்கொண்டன. மற்ற நாளென்றால் அம்மா தெருவுக்கு ஓடி, எந்தச் சுரங்க ஷாஃப்ட், எத்தனை ஆழத்து லெவல் என்று விசாரிப்பாள். அன்று அப்பா வீட்டில் இருந்தார், அதனால் அவள் எழுந்திருக்கவேயில்லை. அக்காவின் கார்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூமி நின்றது. அவள் கார்டைக் கீழே வைக்கவில்லை.

எனக்குத் தூக்கம் போனது. அக்கா கீழே விழுந்திருப்பாளோ. சீர்வரிசை குறைந்ததென்று அவர்களுக்குக் கோபமோ. அப்படி ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து அலுத்தபோது, நினைப்பதை விட்டுவிட்டுக் கடிதத்தின் பின்னாலேயே நடந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். பேனாவிலிருந்து அக்காவின் கைவரை உள்ள பாதையில் எங்கே அறுந்திருக்கிறது?

"விலாசம் சரியா எழுதினீங்களாப்பா?"

அப்பா ஒப்பித்தார். சரியாக இருந்தது.

"ஸ்டாம்பு?"

"ராபர்ட்சன்பேட்டைல மொத்தமா வாங்கி வெச்சிருக்கேன். நீயே பாரு."

"எங்க போட்டீங்க?"

"தபால் டப்பாலதான். வேற எங்க, கெணத்துலயா?"

அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை. முன்பு வேலை செய்த ஷாஃப்டுக்கு ஊரிகம் போஸ்டாபீஸைத் தாண்டித்தான் போவார். அந்த வருஷம் வேறு ஷாஃப்டுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே ஆள் வரும் நேரம் பதியும் டைம் ஆபீஸ் வராந்தாவிலேயே சிவப்பு டப்பா இருக்கிறதாம். "மேல இங்கிலீஷ்ல தபால்னு போட்டுக்கீது. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். எனக்குப் படிக்கத் தெரியாதா?"

நான் விடவில்லை. அப்பா பெயருக்கு, எங்கள் லைன் வீட்டு விலாசத்துக்கே ஓர் உறை எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, அவரிடமே கொடுத்து அந்த டப்பாவில் போடச் சொன்னேன். உள்ளே வெற்றுக் காகிதம்.

"ஒரே அடுப்புல சோறு திங்கறவங்களுக்குள்ள லெட்டரா? எவனாவது பார்த்தா சிரிப்பான்" என்று சொல்லிக்கொண்டே வாங்கிப்போனார்.

மறுநாளே கொண்டுவந்து என் மடியில் போட்டார். டைம் ஆபீஸ் கிளார்க் கூப்பிட்டுக் கொடுத்தாராம். "பார்த்தியா? ஒரே நாள்ல வந்திச்சி. டப்பா மேல தப்பில்ல."

அதுதான் எல்லாவற்றையும் விட மோசமான மாலை. டப்பா மேல் தப்பில்லை என்றால் கடிதங்கள் போயிருக்கின்றன. போயிருந்தும் அவர்கள் பதில் எழுதவில்லை. அம்மா சாப்பிடவில்லை. அப்பா பீடியைப் பற்றவைத்துவிட்டு இழுக்க மறந்தார். ஏழாம் மாதம் எங்கள் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் நிற்பதைப்போல இளைத்துக்கொண்டே வந்தது.

அந்த உறையைக் கிழிக்க மனம் வராமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டாம்பு அழகாக இருந்தது. கடையில் வாங்கியபடியே, முகம் கழுவியதுபோல. எழுந்துபோய் அக்காவின் கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கார்டில் கறுப்பு வட்டச் சீல் அறைந்திருந்தது. என் உறையில் அது இல்லை. ஓரத்தில் ஊதா மையில், முட்டை வடிவத்தில், டைம் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு மட்டும் இருந்தது.

என் கடிதம் போஸ்டாபீஸ் வாசலையே மிதிக்கவில்லை.

விடிந்ததும் அப்பாவோடு நானும் போனேன். கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எங்களைப் பார்த்தார்.

"அது கம்பெனி தபால்யா. இங்கருந்து ஆஸ்பத்திரிக்கு, ஆஸ்பத்திரிலருந்து ஸ்டோருக்கு, ஸ்டோர்லருந்து மில்லுக்கு. ஆபீஸ் கடுதாசி ஆபீஸுக்குள்ளயே சுத்தும். வெளிய போறதுக்கு அது இல்ல."

"தபால்னு போட்டுக்கீதே சார்."

"போட்டிருக்கு. குடியாத்தத்துல நமக்கு ஷாஃப்ட் இல்லையே."

பின்னாலிருந்த பியூன் சிரித்தான். அப்பாவும் சிரிக்க முயன்றார், வரவில்லை.

மூன்று கடிதங்களும் மேஜை இழுப்பறையில் நூல் கட்டிக் கிடந்தன. அவற்றை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். கிளார்க் உறையைத் திருப்பிக் காட்டினார். அனுப்புநர் இடத்தில் அப்பா பெயரோ வீட்டு நம்பரோ எழுதவில்லை, கம்பெனி ஆளுக்கு ஆள் கொடுக்கும் டோக்கன் நம்பரை மட்டும் எழுதியிருந்தார். நம்பரைச் சொன்னால் கம்பெனியில் எவனும் கண்டுபிடிப்பான் என்று. அதிலும் கை பழக்கத்தில் பழைய ஷாஃப்ட் டோக்கன். உறைகள் பழைய ஷாஃப்டுக்குப் போயின, ஆள் இங்கே இல்லை என்றார்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பானோ என்று அங்கே போயின, அங்கிருந்து மறுபடி இங்கே. போன இடமெல்லாம் ஊதா சீல். தங்கவயலை முழுக்கச் சுற்றிவிட்டு, தங்கவயலைத் தாண்டாத கடிதங்கள்.

"இப்பவே போஸ்டாபீஸ்ல போட்டுடலாம்பா" என்றேன்.

"இன்னும் ரெண்டு நாள்ல எட்டு பொறக்குது. லெட்டர் போயி, பதில் வந்து..." அப்பா கடிதங்களைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு லீவு கேட்கப் போனார். கேட்காமல் போய் வாசலில் நிற்கத் துணிந்துவிட்டார்.

ஊரிகத்தில் வண்டி ஏறி, பங்காருபேட்டையில் மாறி, ஜோலார்பேட்டையில் மறுபடி மாறி, குடியாத்தம் போய்ச் சேரும்வரை அப்பா சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் சன்னலோரம். தந்திக்கம்பம் ஒவ்வொன்றும் இல்லை இல்லை என்று சொல்லிப் பின்னால் ஓடியது.

அக்காவின் மாமியார் வாசலை விட்டு நகரவில்லை. "பொண்ணு உயிரோட இருக்கறது இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா சம்மந்தி?"

அப்பா மூன்று உறையையும் நீட்டினார். அந்த அம்மாள் புரட்டிப் பார்த்தார்.

"இத்தனை சீல் விழுந்திருக்கே. எந்தெந்த ஊருக்குப் போச்சு?"

"எங்க ஊருக்கேதான் சம்மந்தியம்மா."

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். நான் முழுக்கதையையும் சொன்னேன். பழைய டோக்கன் வரும்போது அவர் சிரிப்பை மறைக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பி, "ஏம்மா, நாளைக்கு எட்டு பொறந்துடும். இன்னைக்கே கிளம்பு" என்றார்.

அக்கா கதவோரம் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள், வயிறு மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தது. கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னாள். இழுத்தேன், கனத்தது. ஏற்கெனவே பூட்டியிருந்தது.

"எப்பக்கா கட்டினே?"

"ஏழு பொறந்த அன்னைக்கி" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

திரும்பி வரும் வண்டியில் மூன்று கடிதங்களையும் வரிசையாகப் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "இன்னாப்பா, மூணுலயும் ஒரே மாதிரி எழுதியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. அந்தச் செய்தியைக் குடியாத்தத்துக்கு எழுதியபோது, என் வெற்றுக் காகித உறையிலிருந்த சீல் விழாத ஸ்டாம்பை நீராவியில் காட்டி உரித்து ஒட்டினார் அப்பா. ஊரிகம் போஸ்டாபீஸ் பெட்டியில் போட்டார். போட்டுவிட்டு வீட்டுக்கு வரவில்லை. தபால்காரர் வந்து பெட்டியைத் திறந்து பைக்குள் கொட்டும்வரை வெயிலில் நின்றார். நானும் கூட நின்றேன்.